குடிக்காத வீடு

"ஆறு பாட்டில்! ஆறும் விஸ்கி! மளிகைக் கடையில இது எதுக்கு பாய்?"

சுப்ராயன் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே கூடிவிட்டது. அவர் எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். நான் செயலாளர். பீர் மைதீன் கடையின் பின்கட்டில், புளிச் சிப்பங்களுக்கு அடியில் கிடந்த மரப்பெட்டியை எங்கள் ஆட்கள் அப்போதுதான் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே ஆறு பாட்டில் விஸ்கி இருப்பதாக முந்தின நாளே எங்களுக்குத் துப்பு கிடைத்திருந்தது.

போன வருஷம்தான் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. கொடி இறங்கியதே தவிர பாட்டில் இறங்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டு, நம் தெருவில் விழுந்து கிடக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"பூவம் எல்லை வழியா மாயவரத்துக்குக் கடத்தத்தானே பாய்?" என்றேன். "அஞ்சு வேளை தொழுகிற மனுஷன்னு உங்களை நம்பினேனே!"

"அஸ்தஃபிருல்லாஹ்! இது என் சாமான் இல்லீங்க சார். அமானத்து. நம்பி ஒப்படைச்சது."

"யார் ஒப்படைச்சது?"

"மருதையன். பிரெஞ்சுக்காரத் தொரை வீட்டுல சமையல் பாத்தாரே, அவரு. தொரையோட சைகோனுக்குக் கப்பல் ஏறுனப்போ கொடுத்துட்டுப் போனாரு. தொரை கொடுத்த பரிசாம். வயசாக வயசாக இதுக்கு மதிப்பு ஏறும், திரும்பி வந்து வித்து மக அல்லி கல்யாணத்த நடத்துறேன்னாரு. அஞ்சு வருஷமாச்சு. வர்ற தையில வர்றேன்னு கடுதாசி போட்டிருக்காரு."

"ஏன், அவனுக்கு வீடு இல்லையா? பெண்டாட்டி இல்லையா?" என்று எகிறினார் சுப்ராயன்.

"அஞ்சுகம் இருக்கு. கூடவே அதோட அண்ணன் தம்பி மூணு பேரும் இருக்காங்களே! பெட்டி ரெண்டு நாள் தாங்குமா? குடிக்காத வீடா பாத்து வைக்கணும் பாய்னு சொல்லித்தான் கொடுத்தாரு."

அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் ஏறியது.

"குடிக்காத வீடா? எங்க சங்கத்துல நாற்பது பேர் இருக்கோம். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினவங்க. எங்கள்ல ஒருத்தர்கிட்ட ஏன் கொடுக்கல?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார்."

சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் காட்டினேன். கடையின் லைசென்சை ரத்து செய்யச் சொல்லி நகரசபைக்கு எழுதியது. இரவெல்லாம் உட்கார்ந்து நானே எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

பீர் மைதீன் அதைப் பார்த்தார்.

"கடைய நம்பி ஏழு உசிரு இருக்கு. அந்தக் கடைய வேணா எடுத்துக்குங்க. பெட்டிய மட்டும் விட்டுடுங்க சார். அடுத்தவர் பொருளு. நான் அல்லாகிட்ட பதில் சொல்லணும்."

"பதிலாவது, கிதிலாவது! எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டுங்கடா!" என்றார் சுப்ராயன்.

மூட்டை தூக்கும் முத்தையன் பெட்டியைத் திறந்தான். வைக்கோலுக்கு நடுவே பாட்டில்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றில் பாதிக்கு மேல் காணவில்லை. தக்கை நைந்துபோயிருந்தது. வைக்கோல் எல்லாம் ஈரம். குப்பென்று வாடை அடித்தது.

சுப்ராயன் அந்தப் பாட்டிலைப் பறித்தார். அவர் முகம் மாறியது.

"அட பாவி மனுஷா! படுக்கப் போட்டா வெச்சிருந்தீங்க?"

"ஒயின் கடையில அப்படித்தானே அடுக்கியிருக்கும்? பாத்துட்டு வந்துதான்..."

"ஒயினும் இதுவும் ஒண்ணா? தக்கை காயக் கூடாதுன்னு ஒயினைப் படுக்க வைப்பான். இது காரம்யா! தக்கையையே அரிச்சுத் தின்னுடும். நிமிர்த்தித்தான் வைக்கணும். வயசாக வயசாகவாம்! பீப்பாயில கிடக்கிற வரைக்கும்தான் இதுக்கு வயசு ஏறும். பாட்டிலுக்கு வந்துட்டா நூறு வருஷம் வெச்சாலும் அப்படியேதான்." பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். "போனதும் போச்சு, அயர்லாந்துச் சரக்குல்ல போயிருக்கு. ஸ்காட்ச்னா ஒரு புகை வாடை இருக்கும். இது அப்படியே வழவழன்னு தொண்டையில..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"தலைவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றான் முத்தையன்.

"சங்கத்துப் புஸ்தகத்துல படிச்சேன்."

"புஸ்தகத்துல வாடையுமா வருது?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. சுப்ராயன் பாட்டிலைக் கீழே வைத்தார். குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அவர் போனதும் கூட்டமும் கலைந்தது. எங்கள் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

நான் மட்டும் நின்றேன். சுப்ராயனை நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. மேடை ஏறிப் பேசிவிட்டு, வீட்டுக்குள் இப்படியா? இவனெல்லாம் ஒரு மனுஷனா?

பீர் மைதீன் மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து நிமிர்த்தி வைத்தார்.

"தலைவர் சொன்னது சரிதானா சார்? நிக்க வெச்சாப் போதுமா?"

"போதும் பாய். வெயில் மட்டும் படக் கூடாது. எப்பவாவது ஒரு தடவை லேசா சாய்ச்சு, தக்கையை நனைச்சுட்டு உடனே நிமிர்த்திடுங்க. இல்லேன்னா காஞ்சு உதிர்ந்துடும். அந்த ஓரத்துல இருக்கே, அது அமெரிக்காக்காரன் சோளத்துல காய்ச்சறது. நாக்குல கொஞ்சம் இனிப்பா..."

பீர் மைதீனின் கை அப்படியே நின்றது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"நீங்களும் புஸ்தகத்துலதானே சார் படிச்சீங்க?"

மனுவை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். மருதையன் எங்கள் நாற்பது பேரில் ஒருவரிடமும் ஏன் கொடுக்கவில்லை என்று அதன் பிறகு நான் கேட்கவில்லை.