வராத பக்கம்

"ஒரே ஒரு ஃபைல் இல்ல. அதுக்காக மொத்தத் தளத்தையும் நிறுத்தி வைப்பியாம்மா?" டீம் லீடர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான்கு மணிக்குள் புதுப்பித்த இணையதளம் ஓடியாக வேண்டும்.

"நான் நிறுத்தல சார். நான் எழுதின சோதனை நிறுத்திடுச்சு."

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முன்பெல்லாம் ஒரு பக்கத்தின் டெம்ப்ளேட், அதாவது அதன் வார்ப்பு ஃபைல், விட்டுப்போனால், யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து முட்டிக்கொள்ளும்வரை தெரியாது. இன்று முதல்முறையாக ஓடிய அவளுடைய சோதனையோ, தளம் தொடங்கும்போதே எல்லா டெம்ப்ளேட்டும் இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் தொடங்க விடாது.

"எந்தப் பக்கம்?"

"நம்ம கம்பெனி வேலைக்கு விண்ணப்பிச்சவங்க முடிவு பாக்கற இடம் சார். தேர்வானவங்களுக்குப் பக்கம் இருக்கு. தேர்வாகாதவங்களுக்கு இல்ல. ஆரம்பத்துலேர்ந்தே இல்ல."

"ஆறு வருஷமா ஒருத்தரும் புகார் சொல்லலியே."

"யார் சார் சொல்வாங்க? வெறும் வெள்ளைத் திரை வரும். நெட் சரியில்லன்னு நினைச்சு மறுபடி திறப்பாங்க. மறுநாளும் திறப்பாங்க. 'இல்ல'ன்னு சொல்லிட்டா வேற வழியைப் பாத்துக்கிட்டுப் போவாங்க."

விண்ணப்பங்களைப் படித்து ஆள் எடுப்பவர் அவர்தான். வேண்டாம் என்று கழித்த பெயர்களை அன்றைக்கே மறந்துவிடுவார். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கோ ஒரு வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"சரி, எழுது. நாலு மணிங்கறது அஞ்சாகட்டும்."

அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். 'இம்முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை.'

"'மீண்டும் விண்ணப்பியுங்கள்'னு ஒரு வரி சேரும்மா," என்றார் அவர்.

சேர்த்தாள். சோதனை வழிவிட்டது. தளம் ஓடத் தொடங்கியது.

"வெள்ளைத் திரையைப் பத்தி எவ்வளவு யோசிச்சிருக்க நீ."

"யோசிக்கல சார். மூணு வருஷம் முன்னாடி எனக்கு வந்ததே அதுதான்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம்னா சொல்லியிருப்பாங்களேன்னு திங்கக்கிழமை வேலைக்குச் சேரக் கிளம்பி வந்துட்டேன். லிஸ்ட்ல பேர் விட்டுப்போச்சு போலன்னு நீங்கதான் உக்கார இடம் காட்டினீங்க. விட்டுப்போனது என் பேர் இல்ல, இந்தப் பக்கம்தான்னு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."