தாளிப்புப் பாடம்

"அண்ணி, இதையா எல்லாருக்கும் அனுப்பி வெச்சீங்க? வீடியோ பூரா ஒரே இருட்டு. லைட்டே போடல நீங்க!"

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்த நாத்தனார் தமிழ்ச்செல்வி, போனில் ஓடிய பாடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

ஆன்லைன் சமையல் வகுப்பு நமக்குச் சரிப்படுமா என்று மாசக்கணக்கில் தவித்த தேவகி, நேற்று சாயங்காலம்தான் துணிந்து முதல் பாடத்தை எடுத்து அனுப்பியிருந்தாள்.

"அய்யய்யோ! சத்தம் நல்லா கேக்கணும்னு ஃபேனை நிறுத்தினேன். லைட்டு நெனப்பே வரல செல்வி. நமக்கெதுக்கு இந்த டீச்சர் வேலை? வகுப்பே வேணாம்னு சொல்லிடறேன்."

"அதான் நல்லது. ஊரே சிரிக்கும்."

போன் அடித்தது. தேவகி எடுத்தாள்.

"அக்கா, செஞ்சியிலேர்ந்து பிராமி பேசறேன். உங்க வகுப்புல சேந்திருக்கேனே!"

"மன்னிச்சுக்கம்மா. லைட்டு போடாம எடுத்துட்டேன்."

"அப்படியா? எனக்கு எங்க தெரியப்போவுது? கடுகு வெடிச்சு அடங்குற சத்தத்தைக் கேட்டு அடுப்ப நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தினேன். கண்ணு போனதுலேர்ந்து இன்னிக்குத்தாங்க்கா கருகாம தாளிச்சேன். நீங்களும் என்னை மாதிரின்னு தெரிஞ்சப்புறம்தான் அடுப்பாண்டயே போனேன். அடுத்த பாடம் எப்போ?"

தேவகி சுவரைத் தடவிக்கொண்டே போய் ஃபேனை நிறுத்தினாள்.

"செல்வி, கொஞ்சம் பேசாம இரு. பாடம் எடுக்கணும்."

"பொழுது போயிடுச்சே அண்ணி, லைட்டைப் போடட்டுமா?"

"உனக்கு வேணும்னா போட்டுக்கோ."