மருதமரத்துப் பொந்துகள்

ஆற்றுவெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு வந்த அன்று, தாய் மீன்கொத்தி தன் ஒற்றை முட்டையோடு மேட்டு மருதமரத்துக்குப் பறந்தது. அந்த மரத்தின் ஏழு பொந்துகளுக்கும் ஒரு கிழக்குரங்குதான் காவல்.

“அண்ணே, இது மீன்கொத்தி முட்டை. பத்திரம்!”

குரங்கு தலையாட்டி வாங்கிக்கொண்டது. பின்னாலேயே பஞ்சுருட்டான் பறவையும், அதற்குப் பின் ஆள்காட்டிக் குருவியும் பெயரைச் சொல்லித் தங்கள் முட்டையைக் கொடுத்தன. அவற்றுக்கும் அதே தலையாட்டல்.

வெள்ளம் வடிந்ததும் மூன்றும் பறந்து வந்தன. முதல் பொந்தில் ஆள்காட்டியின் முட்டை மட்டும் இருந்தது.

“என் முட்டை எங்கே? பேர் சொல்லித்தானே கொடுத்தேன்!” என்று மீன்கொத்தி அலறியது.

“பேரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எத்தனாவது பொந்துன்னு சொன்னா அதுல வைப்பேன். சொல்லாட்டி முதல் பொந்துதான். ஒரு பொந்துக்கு ஒரு முட்டை. அடுத்தது வந்தா, உள்ள இருக்கிறதை எடுத்து வெளிய போட்டுருவேன்.”

“அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?”

“குடுத்தீங்க, வாங்கினேன்.”

ஆள்காட்டி தன் முட்டையைச் சிறகால் மூடிக்கொண்டு தலைகுனிந்தது. மீன்கொத்தி மிச்சப் பொந்துகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. அத்தனையும் துளி ஈரம் படாமல், ஒரு முட்டைக்கு அளவெடுத்தாற்போல், காலியாக இருந்தன.