பக்கத்து இருக்கையின் எடை

சாயங்கால வெயில் ஷட்டருக்கு அடியில் புகுந்து, மேசைமேல் நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகளின் நிழலைச் சின்னக் கார்வரை நீட்டிப் போடுகிறது. “இது ஒரு மில்லிமீட்டர் அமுங்க நாலு கிலோ போதும்ணே, அதுக்கு ஆறு வேணும். நீங்க ஒருத்தர் ஓட்டறதுக்கு ஆறுதான் கச்சிதம்” என்கிறார் மெக்கானிக். “ரெண்டு பேரு தம்பி. நாலே போடுங்க. குலுங்கினா அவளுக்கு முதுகு பிடிச்சுக்கும்” என்கிறார் எதிர்க்கடைக்காரர். மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார். போன மாதம் கடைக்காரரின் மனைவியைப் பாடையில் தூக்கிப் போனபோது தோள் கொடுத்த நால்வரில் அவரும் ஒருவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த காயில்ஓவரை மாட்டியபின் காரின் உயரம் வைக்க, ஆள் எடைக்கு மணல் மூட்டையை இருக்கையில் ஏற்றுவது அவர் வழக்கம். “அவங்க எடை...” என்று இழுக்கிறார். “அம்பத்தெட்டு.” கடைசியில் அதில் பாதிகூட இல்லை என்பது மெக்கானிக்கின் தோளுக்குத் தெரியும், இருந்தும் ஐம்பத்தெட்டே நிறுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கிறார். கடைக்காரர் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து, எட்டி, மூட்டைக்கு பெல்ட் போட்டுவிடுகிறார். மெக்கானிக் திருக, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. சக்கரத்துக்கு மேலே சரியாக இரண்டு விரல் இடைவெளி. வேலை முடிந்ததும் மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி மூட்டையை இறக்குகிறார். பாரம் போன பக்கம் கொஞ்சமாவது எழும்ப வேண்டும். குனிந்து பார்க்கிறார், அதே இரண்டு விரல். காரை உலுக்கிவிட்டு மறுபடி அளக்கிறார். மயிரிழைகூட மாறவில்லை. “போலாமா?” என்று கேட்கிறார் கடைக்காரர், பக்கத்து இருக்கையைப் பார்த்து.