அடைக்காத ஓட்டை

"இவளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க மேடம்" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார் அட்மின். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் அவர் பொறுப்பு.

"அப்படி என்ன பண்ணிட்டா?" என்றார் தலைமை டாக்டரம்மா.

"லேப்ல உட்கார்ந்து ரிசல்ட் ஏத்தறவ, மெயின் சர்வரையே பிடிச்சுட்டா. கையும் களவுமா பார்த்தேன்."

லேப்காரிக்கு ரத்தம் கொதித்தது.

"நான் சொன்னதை நம்பலைன்னு, இவர் கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டினேன் மேடம். சர்வரோட கெர்னல்ல, அதான் எல்லாத்தையும் நடத்தற அடிப்படை புரோகிராம்ல, ஒரு ஓட்டை. சாதாரண லாகின் இருந்தாலே போதும், யார் வேணும்னாலும் அட்மின் அதிகாரத்தைப் பிடிச்சுடலாம். ஒரு நோயாளியோட ரத்தப் பிரிவையே மாத்திட்டுப் போயிடலாம். என் மாமியார் ரிசல்ட்டும் அதுலதான் இருக்கு."

"அடைக்க முடியாதா?"

"ஓட்டையை அடைக்கற பேட்ச் எப்பவோ வந்தாச்சு. போடுங்க, போடுங்கன்னு கெஞ்சினேன். உன் வேலையைப் பாருன்னாரு."

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணணும் மேடம். ஆஸ்பத்திரியே ஸ்தம்பிச்சுடும்" என்றார் அட்மின். "இவளுக்கு என்ன தெரியும்? ஓட்டை வழியா நுழைஞ்சா அதுக்குத் திருட்டுன்னுதான் பேரு."

உயிர் போகிற விஷயத்தைச் சொன்னவள் திருடி. சொல்லியும் கேட்காதவர் யோக்கியர். நியாயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பல்லைக் கடித்தாள் லேப்காரி.

"அவளை அனுப்பறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. "முதல்ல பேட்சைப் போடுங்க. இங்கேயே, என் கம்ப்யூட்டர்லயே."

அட்மினின் சுருதி இறங்கியது.

"நாளைக்குப் போடறேனே மேடம்..."

"இப்பவே."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். லேப்காரி எட்டிப் பார்த்தாள். அவர் நுழைந்தது ஒரு சாதாரண லாகினில். அடுத்து ஏதோ ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் அட்மின் அதிகாரம் கைக்கு வந்துவிட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இது நான் காட்டின அதே ஓட்டை. உங்ககிட்டதான் அட்மின் பாஸ்வேர்டு இருக்கே, அதைப் போட்டுப் போகலாமே?"

அட்மின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"அது எப்பவோ மறந்துபோச்சும்மா. புதுசா மாத்தினா மேடம் போனுக்குத் தகவல் வந்துடும், மானம் போயிடும். இத்தனை நாளா இந்த ஓட்டையை வெச்சுத்தான் உத்தியோகமே பார்க்கறேன்."