அப்பாவின் துப்பாக்கிக்கு விலை
பழம்பொருள் கடைக்காரர் மேசையில் கம்பளியை விரித்து, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் அந்தத் துப்பாக்கியைக் கிடத்துகிறார். அதை விற்க வந்திருப்பவளின் அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. அவர் போனபின் அவள் பங்காக வந்தது. கடைக்காரர் குழலை முகர்ந்து பார்க்கிறார், முத்திரையை நகத்தால் வருடுகிறார், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். தோளில் பதியும் கட்டைக்கு வந்ததும் முகம் கோணுகிறது. “என்னம்மா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டீங்களா? பழசுக்கு அழகே அந்த அழுக்குதானே!” “பளபளன்னு இருந்தா நல்ல விலை வரும்னு நெனைச்சேன்” என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவள் நகக்கண்ணில் இன்னும் மரத்தூள் இருக்கிறது. அவர் விளக்கைச் சாய்க்கிறார். வழவழத்த மரத்தில், ஓரமாய் வெயில் விழுந்த சுவரின் விரிசல்களைப்போல, வரிசையாகக் கீறல்கள் எழுந்து வருகின்றன. “அட, போகல! உங்கப்பா கத்தியால ஆழமா போட்டிருக்காரு. சுட்டு வீழ்த்துன ஆளுக்கு ஒண்ணுன்னு போடுவாங்க. இதுக்காகவே தேடி வர்றவங்க இருக்காங்கம்மா. நீங்க கேட்டதுக்கு மேலயே தர்றேன்.” அவர் குரல் குழைகிறது. விரல் ஒவ்வொரு கீறலாகத் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடுகிறது. “இது ஒண்ணு மட்டும் ஏன் மத்ததுல பாதி உசரம்?” அந்த இடத்தைத்தான் அவள் விரல் தோல் உரியும்வரை தேய்த்திருந்தாள்.