தகர மதகு

மேசையில் ஒரு சாண் உயரத்துக்குத் தகர மதகு. ஜன்னலுக்கு வெளியே, ஆற்றின் குறுக்கே, அதே வடிவில் முப்பது அடி இரும்பு மதகு. இரண்டையும் தூக்குவது சங்கரவடிவு எழுதிய ஒரே ஜாவா புரோகிராம்தான். அதற்கு எந்த மதகின் கணினி முகவரியும் தெரியாது. ‘மூன்றாம் மதகு’ என்று பெயரை மட்டும் சொல்லிக் கேட்கும். அந்தப் பெயருக்குரியது எது என்பதை, அது ஓடுகிற சர்வரின் பதிவேடு சொல்லும். ஒத்திகை சர்வரின் பதிவேட்டில் தகரம். அணை சர்வரின் பதிவேட்டில் இரும்பு.

“இவ்வளவு சுத்தி வளைக்கணுமாம்மா? இரும்பு மதகோட முகவரிய நேரா புரோகிராமுக்குள்ள எழுதிட்டா வேலை முடிஞ்சிரும். வியாழக்கிழமை கலெக்டர் வாராரு” என்று மூன்று நாளாக நச்சரித்தார் பொறியாளர் ஐசக்.

“முடியாது சார். அப்புறம் ஒத்திகையில அழுத்தினாலும் இரும்பு மதகுதான் தூக்கும்; கீழ ஆத்துல ஆளுங்க குளிக்காங்க. புரோகிராமுக்குப் பேரு மட்டும் தெரிஞ்சா போதும்.”

மூன்று நாளும் அவள் பதில் மாறவில்லை.

வியாழன் காலை, ஒத்திகை சர்வரில் ‘தூக்கு’ பொத்தானை அழுத்திவிட்டுத் தகர மதகைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஐசக்கைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நீ போன பொறவு… ஒரே ஒரு வரிதாம்மா எழுதினேன்.”

வெளியே, கரையில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்தன.

சங்கரவடிவு ‘இறக்கு’ பொத்தானை நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்தாள். ஒரு கொக்காவது திரும்பி வந்து உட்காரும்வரை விரலை எடுப்பதாக இல்லை.